சீனி இல்லாத கேன், சின்னதாகிவிட்ட வயிறு

"இதுல சீனியே இல்லையே, குடிச்சா என்ன?" எடையைக் குறைக்க வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள் டயட் சோடாவைப் பற்றி அதிகம் கேட்கும் கேள்வி இது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இதைக் கேட்டால் பதில் உடனே கிடைக்கும், அதுவும் இரண்டு விதமாக. "ஸீரோதானே, சும்மா குடிங்க" என்பது ஒன்று. "ஐயோ, கேஸ் ஏறி வயிறு பழையபடி ஊதிப்போயிரும்" என்பது மற்றொன்று. முதல் பதில் தவறு என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதும் ஏறக்குறைய தவறுதான். அதைச் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்வதால் யாரும் திருத்துவதில்லை.

திருத்தாமல் விடுவதில் ஒரு கேடு இருக்கிறது. வயிறு வெடித்துவிடும் என்று பயந்திருந்த ஒருவர் கல்யாண வீட்டில் மறந்தாற்போல் அரைக் கிளாஸ் டயட் கோலா குடிக்கிறார். இரண்டு ஏப்பத்தைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கேன், அதற்கடுத்த வாரம் இரண்டு. டாக்டர் சும்மா மிரட்டியிருக்கிறார் என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். அதே டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரை, இரத்தப் பரிசோதனை, புரதக் கணக்கு எல்லாமும் அந்த மிரட்டலோடு சேர்த்து ஒதுக்கப்படுகின்றன. பொய்யான காரணம் சொல்லி ஒன்றைத் தடுத்தால், அந்தப் பொய் உடையும் நாளில் உண்மையான தடைகளும் உடைந்துபோகின்றன.

மலேசியாவில் இந்த அறுவை இனி பணக்காரர் சமாச்சாரம் மட்டும் அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப்பாட்டு ஆய்வில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்று தெரிந்தது. 2023இல் அது 54.4 ஆனது. இந்தியர்களிடையே எடையும் நீரிழிவும் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஹேவுட், டோவன்பி, எல்ஃபில் தோட்டங்களின் பெயரை இன்றும் வீட்டுப் பெயர் போலச் சொல்கிற சுங்கை சிப்புட்டில் இதற்குப் புள்ளிவிவரம் தேவைப்படாது. விடிவதற்கு முன் ரப்பர் பால் வெட்டுக்கு நடந்த உடம்புகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். சிலர் லோரி ஓட்டுகிறார்கள், சிலர் ஈப்போவில் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். வேலையில் ஓடியாடும் உழைப்பு குறைந்துவிட்டது. கெட்டிப்பால் போட்ட தேத்தண்ணியும் மூன்று வேளைச் சோறும் குறையவில்லை. நீரிழிவு மாத்திரை எட்டு, ஒன்பது என்று ஏறியபின் யாரோ ஒருவர் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ போய் வயிற்றைச் சின்னதாக்கிக்கொண்டு வருகிறார். அவர் குணமடைந்து திரும்புவது இதே ஊருக்கு, இதே ஒட்டுக்கடைகளுக்கு, இதே கோயில் திருவிழாக்களுக்கு.

வயிற்றில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் சோடாவின் கதை புரியும். இன்று அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் அறுவை. வயிற்றின் இடப்பக்கப் பெரும்பகுதியை, ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காடு வரை, நீள வாக்கில் வெட்டி எடுத்துவிட்டு விளிம்பைத் தையல் பொறியால் மூடிவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய். 100 முதல் 150 மில்லி வரைதான் அதற்குள் அடங்கும். வெட்டி எடுக்கப்படும் பகுதியில் வயிற்றின் மேல்கூரையான ஃபண்டஸும் போய்விடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற இயக்குநீர் பெருமளவு அங்கேதான் சுரக்கிறது. அதனால்தான் அறுவைக்குப்பின் முதல் சில மாதங்களுக்குப் பலருக்கும் பசியே எடுப்பதில்லை. இன்னொரு வகை பைபாஸ். அதில் வயிற்றின் மேல்நுனியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள்.

ஃபண்டஸ் பசிக்கு மட்டும் உரிய இடமல்ல. சாதாரண வயிற்றில் விழுங்கிய காற்றும் சோடாவின் வாயுவும் மேலே ஏறி அங்கேதான் தேங்கும். அந்தச் சுவர் நெகிழ்ந்து கொடுக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் உணவுக்குழாயின் கீழ் வால்வு சில நொடிகளுக்குத் திறந்து ஏப்பமாக வெளியே விடும். ஸ்லீவ் செய்த வயிற்றில் அந்தக் கூரை இல்லை. மிஞ்சியிருப்பது விறைப்பான, குறுகலான குழாய். அதில் கொஞ்சம் வாயு வந்தாலும் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

எவ்வளவு வாயு வரும்? கோலா வகைப் பானங்களில் பானத்தின் கன அளவைப்போல் மூன்று, மூன்றரை மடங்கு கரியமில வாயுவைக் குளிர்வித்து, அழுத்திக் கரைத்திருப்பார்கள். ஆக 320 மில்லி கேன் ஒன்றுக்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு ஒளிந்திருக்கிறது. அதில் நல்ல பங்கு கேனைத் திறக்கும்போதும் ஊற்றும்போதும் வாயிலும் போய்விடும். மிச்சம் ஐஸ் குளிரிலிருந்து 37 பாகை உடல் சூட்டுக்கு வந்ததும் கரைசலில் நிற்க முடியாமல் வெளியேறும். 120 மில்லிக் குழாய்க்குள் அது நடக்கிறது. நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்தாற்போல் ஓர் அடைப்பு, சிலருக்குக் குத்தல், சிலருக்கு வாயில் புளிப்பாக மேலேறும் நீர் என்று அது தெரியவரும்.

இதெல்லாம் வயிற்றை நிரந்தரமாக இழுத்துப் பெரிதாக்குமா? ஆதாரம் இங்கேதான் மெலிந்துபோகிறது. ஸ்லீவ் குழாய் மாதங்கள் செல்லச் செல்லக் கொஞ்சம் விரிவடைவது உண்மை. ஆனால் சோடாவைத் தொடாதவர்களுக்கும் அது விரிகிறது. வாயு வந்த வேகத்தில் மேலேயோ கீழேயோ போய்விடும், நாள் முழுக்க உட்கார்ந்திருக்காது. சோடா குடித்ததால்தான் வயிறு பழைய அளவுக்குத் திரும்பியது என்று உறுதியாகக் காட்டிய நல்ல ஆய்வு எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் பெரும்பாலான அறுவை மையங்கள் சோடா வேண்டாம் என்றே சொல்கின்றன. அவர்கள் சொல்வது சரி. கையில் கொடுக்கும் தாளில் காரணத்தை ஒரே வரியில் 'வயிறு விரியும்' என்று சுருக்கிவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வலுவான காரணம் அமிலம் மேலேறுவது. ஸ்லீவ் அறுவைக்கு அதுதான் பெரிய பலவீனம் என்று மருத்துவர்களே இப்போது வெளிப்படையாகப் பேசுகிறார்கள். பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் ஸ்லீவ், பைபாஸ் என்று இரு பிரிவாக்கி அறுவை செய்து, பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்லீவ்பாஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பத்தாம் ஆண்டு உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தபோது ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கு உணவுக்குழாயில் அழற்சி இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்குத்தான். சோடா இந்த அழற்சியைத் தனியாக உண்டாக்கியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே அழுத்தம் மிகுந்த ஒரு குழாய்க்குள் வாயுவையும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றுவது எந்தப் பக்கம் தள்ளும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை. கோலாவின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) இரண்டரைக்குப் பக்கம். டயட் வகை மூன்றுக்குப் பக்கம், அதுவும் கடும் புளிப்புதான். சீனியை எடுத்தாலும் பாஸ்போரிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ அப்படியேதான் இருக்கிறது.

கேஸ் போகட்டும் என்று கேனைத் திறந்து இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வாயுப் பிரச்சினை அதில் பெரும்பகுதி தீரும், அமிலம் தீராது. பி.எச். 5.5க்குக் கீழே போனாலே பல் எனாமல் கரையத் தொடங்குகிறது. அடிக்கடி வாந்தியும் புளியேப்பமும் வரும் அறுவை நோயாளிக்குப் பல்லைத் தின்ன இன்னொரு அமிலம் தேவையா என்பது வேறு கேள்வி.

முதல் ஆறு வாரங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தையல் ஆறிக்கொண்டிருக்கும் காலம். கசிவு வருமானால் உணவுக்குழாயும் வயிறும் சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே, அழுத்தம் அதிகம் விழும் அந்த மூலையில்தான் பெரும்பாலும் வரும். அந்த வாரங்களில் கேஸ் உள்ள எதுவும் வேண்டாம், பேச்சுக்கே இடமில்லை.

அதற்குப் பிறகு வருவது இடப் பிரச்சினை. இதைத்தான் ஊரில் யாரும் சொல்வதில்லை. அறுவை செய்தவர் நாளைக்கு ஒன்றரை லிட்டர் நீர் குடிக்க வேண்டும், குறைந்தது 60 கிராம் புரதம் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். முதல் மாதங்களில் அரை மணிக்கு 100 மில்லி என்பதே பலருக்குப் பெரிய பாடு. அந்தக் கணக்கில் ஒரு கேன் டயட் சோடா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கேஸ் இருப்பதால் அதற்கு முன்பே வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். அந்த நேரத்தில் மோர் போயிருக்கலாம், பருப்புத் தண்ணி போயிருக்கலாம், வெறும் தண்ணியாவது போயிருக்கலாம். அறுவைக்குப்பின் திரும்பவும் மருத்துவமனைக்கு ஓடி வருபவர்களில் உடம்பில் நீர் வற்றிப்போய் வருபவர்கள் கணிசம். செம்பனைக் காட்டு வெயிலில் வேலை செய்கிறவர்கள் காலை முழுக்க நீரைத் தொடாமல் இருந்துவிட்டு, வேலை முடிந்ததும் ஒரு போத்தலை அண்ணாந்து கவிழ்த்துப் பழகியவர்கள். புது வயிற்றுக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. இடுப்பில் ஒரு சின்ன போத்தலைத் தொங்கவிட்டு, குலை வெட்டும் வரிசைக்கு வரிசை ஒரு மிடறு என்று குடிக்க வேண்டும். கோலாவில் உள்ள காஃபின் நீரை வற்றடித்துவிடும் என்ற பேச்சு மிகை. ஒரு கேனில் இருப்பது 30, 45 மில்லிகிராம் அளவு, ஒரு கப் கறுப்புக் கோப்பியைவிடக் குறைவு.

இந்த இடத்தில் ஹண்ட்ரட் பிளஸைச் சொல்லாமல் விட முடியாது. காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, மயக்கமா, பந்து விளையாடிவிட்டு வந்தவனா, எல்லாருக்கும் நம் வீடுகளில் அதுதான் கைமருந்து. 1883இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் தன் நூறாவது ஆண்டில், 1983இல், கொண்டுவந்த பானம் அது. அறுவை முடித்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வரும் சித்தப்பா கையில் ஆறு கேன் ஹண்ட்ரட் பிளஸ் கட்டோடுதான் வருவார். அதையும் ஒரு சோடா என்று யாரும் நினைப்பதில்லை. கோலா அளவுக்கு நுரைக்காவிட்டாலும் அதிலும் கேஸ் உண்டு. சாதாரண வகையில் சீனியும் உண்டு. சீனி இல்லாத வகை வந்துவிட்டது, கேஸ் போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் அதற்குப் பதில் ஒரு பாக்கெட் பால் மாவோ முட்டைத் தட்டோ கொண்டுவரலாம்.

குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, சாதாரண சோடாவைவிட டயட் சோடா ஒரு விஷயத்தில் மேலானது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 100 மில்லிக்கு 10 கிராம் சீனி உள்ள சாதாரண பானம் ஒரு கேன் குடித்தால் 32 கிராம் சீனி நேராகச் சிறுகுடலில் கொட்டும். படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு என்று அரை மணிக்குள் ஆளைக் கீழே தள்ளிவிடும். டம்பிங் என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். சீனியில்லாத பானத்தில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் பைபாஸ் நோயாளியின் இன்னொரு கவலை எலும்பு. கால்சியத்தை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலை உணவு தொடாமலே போவதால், அவர் வாழ்நாள் முழுக்க நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியத்தை, முடிந்தவரை சிட்ரேட் வடிவில், பிரித்துப் பிரித்துச் சாப்பிட வேண்டும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் எலும்பு ஆய்வு 2006இல் ஒன்றைக் கவனித்தது: தினமும் கோலா குடிக்கும் பெண்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தது. கோலா அல்லாத மற்ற கேஸ் பானங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அது அறுவை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு அல்ல, காரணம் இன்னதென்று நிரூபிக்கவும் இல்லை. ஆனாலும் மாதவிடாய் நின்ற, பைபாஸ் செய்த ஒரு பெண்ணுக்குத் தினமும் ஒரு கோலா என்பதற்குச் சாதகமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பைபாஸ் இணைப்பில் புண் வந்தால் பழி முதலில் சோடாமேல் விழும். உண்மையான குற்றவாளிகள் பெரும்பாலும் சட்டைப் பையிலும் மருந்து டப்பாவிலும் இருப்பார்கள்: சிகரெட், பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரை. மூட்டுவலிக்கு கிளினிக்கில் பொன்ஸ்தான் வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மவர்களுக்குத் தண்ணி குடிப்பதுபோல. பைபாஸ் செய்தவர் எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதல் வார்த்தையாக அறுவையைச் சொல்லிவிட வேண்டும்.

இனிப்பூட்டிகளைப் பற்றிய பயம் தனி ஆறாக ஓடுகிறது. 2023 ஜூலையில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் சேர்த்தபோது வாட்ஸ்அப் குழுக்கள் பற்றி எரிந்தன. அதே நாளில் உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. ஒரு கேனில் 200, 300 மில்லிகிராம் இருந்தால் 70 கிலோ ஆள் அந்த வரம்பைத் தாண்ட ஒன்பதிலிருந்து பதினான்கு கேன் வேண்டும். அறுவை செய்த வயிற்றால் அது நடக்கிற காரியமில்லை. அதைவிட இந்த விஷயத்துக்கு நெருக்கமானது அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: எடையைக் கட்டுப்படுத்தச் சீனியில்லா இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம், நீண்ட காலத்தில் அவை கொழுப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. நம் ஊரில் அறுவைக்குப் போகிறவர்களில் பலருக்கு நீரிழிவு இருக்கும்போது, அந்த வரியை விட்டுவிட்டுச் செய்தி பகிர்வது நியாயமில்லை.

கடைகளில் ஸீரோ கேன்கள் குவிந்ததற்கு அரசின் கையும் உண்டு. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. பிறகு அது ஏற்றப்பட்டது. நிறுவனங்கள் சீனியைக் குறைத்தன, இனிப்பூட்டியைக் கூட்டின. நாட்டு மக்களுக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த வரியும் 'சீனி இல்லை' என்ற லேபிளும் முழு வயிறு உள்ளவருக்காக எழுதப்பட்டவை. குழாய் வயிற்றுக்காரருக்குச் சீனி பல கேள்விகளில் ஒன்றுதான்.

மற்ற கேள்விகளைச் சந்திக்கும் இடம் கல்யாண மண்டபம். மேசை நடுவில் ஆரஞ்சு, சார்சி, கோலா என்று பெரிய போத்தல்கள். போன வருடம் அறுவை செய்துகொண்ட ஒரு பெண் உட்காருகிறார். கொழுந்தன் ஓடிவந்து கறுப்பு மூடி போத்தலைத் திறக்கிறார். "அண்ணி, உங்களுக்குன்னே ஸீரோ வாங்கி வெச்சிருக்கோம்." அந்தப் பாசத்தை மறுக்க முடியாது. அவர் கிளாஸை வாங்கி, ஸ்பூனால் நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். குமிழெல்லாம் அடங்கிய பிறகு ஒரு மிடறு. பிறகு கை தன்னால் நெஞ்சுக்குப் போகிறது. பக்கத்தில் முறுக்கு வருகிறது, பொரித்த கோழி வருகிறது. சோடா ஒருநாளும் தனியாக வருவதில்லை. வாய்க்கு இனிப்பும் நுரையும் கிடைத்ததும் அதற்கு ஜோடியான உப்பும் எண்ணெய்யும் கேட்கிறது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் எடை திரும்ப ஏறுகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் கணக்குத் தப்பிய இடம் கலோரியில்லாத கோலாவாக இருக்காது, அதோடு வந்த தட்டாக இருக்கும்.

மாற்று ஒன்றும் அரிதல்ல. எந்த மம்மாக்கடையிலும் தே ஓ கோசோங் என்றால் சீனியில்லாத கறுந்தேநீர் வரும். சீரகத் தண்ணி, உப்பிட்ட மோர், வடிகட்டிய ரசம், சீனி போடாத பார்லி எல்லாம் இருக்கின்றன. இளநீரில் இயற்கைச் சீனி உண்டு, பைபாஸ்காரர் கொஞ்சமாகக் குடித்துப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, ஒன்றரை ஆண்டு கடந்து, நெஞ்செரிச்சல் இல்லாமல், தண்ணியும் புரதமும் ஒழுங்காகப் போகிற ஒருவர் தீபாவளிக்கு அரைக் கிளாஸ் டயட் சோடா குடிக்கலாமா என்று கேட்டால், தன் அறுவை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பாட்டிலிருந்து தள்ளிக் குடிக்கட்டும் என்பேன். தினமும் ஒரு கேன் என்பவரிடம் வேறு பேச்சு. இராத்திரி இருமல், காலையில் வாய்ப்புளிப்பு, தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாமை இருந்தால் கேன் உடனே நிற்க வேண்டும். ஆனால் இவை எதுவுமே இல்லாமலும் உணவுக்குழாய் புண்ணாகலாம். அதனால்தான் உடற்பருமன் அறுவை மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு, ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஓராண்டில் ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் உள்நோக்கிப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. கோலாலம்பூரில் அறுவை முடித்து ஊர் திரும்பியவர்கள் அடுத்த தேதி இரத்தப் பரிசோதனைக்கு மட்டும்தானா, ஸ்கோப்புக்கும் சேர்த்தா என்று முகப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.